நீலங்கள் வெளிவந்த காலை

அவளுக்கு ‘மருத்துவச்சி’ என்று பெயர் வைத்தவர் தோட்டக்காரர். வண்ணத்துப்பூச்சிக் கண்ணாடிக் கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே, “நாங்க செடி வளர்க்கிறோம், நீங்க பிரசவம் பாக்கிறீங்க” என்று சொல்லிச் சூட்டிவிட்டார். பெயர் நிலைத்துவிட்டது. புதிதாக வந்த காவலாளி அதை நிஜமென்று நம்பி, தன் மனைவிக்கு ஏழாம் மாதம், கால் வீங்குகிறது, என்ன செய்யலாம் என்று ஒரு நாள் கேட்டு வந்து நின்றான்.

“எனக்கு ஆறு கால் உள்ளதுங்களைப் பத்தித்தான் தெரியும், தம்பி” என்றாள்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. ஒல்லியான உடம்பு, நீளமான விரல்கள். அந்த விரல்களைப் பார்த்துத்தான் வேலை கொடுத்ததாக மேலாளர் சொல்வார். கூடத்தின் பின்புறம் இருந்த சிறிய அறை அவளுடையது. அதன் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தப் பக்கம் பார்வையாளர்கள், இந்தப் பக்கம் அவள். செவ்வாய்க்கிழமைதோறும் பார்சல் வரும். பஞ்சு அடுக்குகளுக்கு நடுவே கூட்டுப்புழுக்கள் படுத்திருக்கும், காய்ந்த இலைச் சுருள்களைப் போல. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பாள். கனமாக இருந்தால் உயிர் இருக்கிறது. காற்றாக இருந்தால் போய்விட்டது. வால் நுனியில் ஒரு சொட்டுப் பசை வைத்துத் துணிப்பட்டையில் ஒட்டிக் குச்சிகளில் வரிசையாகத் தொங்கவிடுவாள்.

அதன் பிறகு இரண்டே விஷயம்தான். சூடு, ஈரம். சூட்டுக்கு ஒரு ஹீட்டர். ஈரத்துக்குப் பரண்மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து இறங்கும் குழாய், குழாயின் முனையில் பனியைப் போல நீரைத் தெளிக்கும் ஒரு சிறிய மோட்டார் கருவி. தினமும் காலையில் முதலில் வால்வை மூட வேண்டும். தொட்டியை நிரப்ப வேண்டும். கலங்கிய தூசு அடங்கக் கால் மணி நேரம் விட்டுவிட்டு வால்வைத் திறக்க வேண்டும். தூசு இறங்கினால் தெளிக்கும் ஊசித்துளைகள் அடைத்துக்கொள்ளும். பதினோரு வருடமாக அவள் கை அதைத் தானாகச் செய்துகொண்டிருந்தது.

வெளியே வரும் பூச்சியைப் பார்த்தவர்கள் முதலில் ஏமாந்துதான் போவார்கள். கூட்டைக் கிழித்துக்கொண்டு வருவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் வருவது வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்காது. ஊதிய வயிறு, ஈரமான உடம்பு, முதுகில் கசங்கிய காகிதத் துண்டுகள் போல நான்கு சிறகுகள், ஒவ்வொன்றும் நகமளவு. அது ஏதாவது ஒன்றைப் பற்றிக்கொண்டு தலைமேலாகத் தொங்கும். வயிற்றைச் சுருக்கிச் சுருக்கி, உள்ளே இருக்கும் நீரைச் சிறகின் நரம்புகளுக்குள் தள்ளும். பத்து, இருபது நிமிடத்தில் சிறகு விரிந்துவிடும். பிறகு அந்த நீரை மறுபடி உடம்புக்குள் இழுத்துக்கொண்டு, ஓரிரண்டு மணி நேரம் சிறகை உலர்த்தும். எந்த வடிவத்தில் உலர்கிறதோ அதுதான் ஆயுசுக்கும். கசங்கி உலர்ந்தால் கசங்கியதுதான். அதை நீவி விட எந்தக் கையாலும் முடியாது.

இதையெல்லாம் அவள் புத்தகத்தில் படிக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை கேமராவும் நுண்ணோக்கியுமாக வந்து ஒரு மாதம் அவள் அறையில் உட்கார்ந்திருக்கும் ஆராய்ச்சிக்காரப் பெண் சொன்னது பாதி. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது மீதி. கேட்டதை வீட்டுக்குப் போய் அப்படியே கணவரிடம் ஒப்பிப்பாள்.

கணவர் தண்ணீர் வாரியத்தில் பம்பு ஆபரேட்டர். இருபத்து நான்கு வருடம் நகரத்தின் பாதிக்குத் தண்ணீர் ஏற்றிவிட்டவர். பம்பு ஓடும் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் போய்விடும் என்றார்கள், போயும்விட்டது. போகும்போது இதயத்தின் சதையைத் தளர்த்திவிட்டுப் போனது. “பம்பு வீங்கிப்போச்சு. தள்ளுற பலம் இல்ல” என்று மருத்துவர் அவருக்குப் புரியும் பாஷையிலேயே சொன்னார். காலில் நீர் கோத்துக்கொண்டது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. அவர்கள் வீடோ மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். வேலையிலிருந்து நின்று வீட்டோடு இருந்தார். ஒரு நாளைக்கு ஒன்றேகால் லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று உத்தரவு.

“ஊருக்கே தண்ணி விட்டவன் நான். எனக்கு மட்டும் ரேஷன்” என்று பாட்டிலைத் தூக்கிக் காட்டி வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு மத்தியானம் அவர் காலைத் தன் மடியில் வைத்து அவள் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார்: “உன் பூச்சிக்கு எத்தனை பம்பு?”

“முதுகுல நீளமா ஒரே ஒரு குழாய். அதான் இதயம்.”

“அதுலேருந்து எங்க போகுது?”

“எங்கயும் போகலைங்க. தலைப் பக்கம் கொட்டும், அவ்வளவுதான். நமக்கு மாதிரி ரத்தக்குழாய் கிடையாது. குடல், சதை எல்லாம் அந்தத் தண்ணியிலேயே நனைஞ்சுகிட்டு இருக்கும். அப்புறம் குழாய்ல இருக்கிற ஓட்டை வழியா மறுபடி உள்ள போயிடும்.”

“வெள்ளக்காடுன்னு சொல்லு.”

“கொஞ்ச நேரம் முன்னாடி தள்ளும். அப்புறம் நின்னு, பின்னாடி தள்ளும்.”

“ரிவர்ஸா!” அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்க ஸ்டேஷன்ல அப்படி ஓடியிருந்தா அன்னைக்கே என் சீட்டைக் கிழிச்சிருப்பாங்க. சரி, மூச்சு? ரத்தம்தானே காத்தைக் கொண்டுபோகணும்?”

“காத்துக்குத் தனி லைன். பக்கவாட்டுல ஓட்டை ஓட்டையா இருக்கும். அங்கேருந்து நேரா உள்ள போயிடும். அதனாலதான் ரத்தம் செவப்பா இல்ல. லேசா பச்சை அடிச்ச மஞ்சள்.”

“புத்திசாலி. தண்ணி வேற, காத்து வேற.”

“இன்னொண்ணு இருக்கு. றெக்கை முளைக்கிற இடத்துல தனியா குட்டிக் குட்டி பம்பு. றெக்கைக்குப் போன தண்ணியைத் திரும்ப உறிஞ்சி எடுக்க.”

அவர் குனிந்து தன் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி மேலே வரவில்லை. “எனக்கும் இங்க ரெண்டு வெச்சு அனுப்பியிருக்கலாம்” என்றார். இருவருமே சிரித்தார்கள்.

அந்தக் கோடையில் பெரிய நீலங்கள் வந்தன. சிறகு விரித்தால் ஒரு ஆளின் உள்ளங்கை அளவு இருக்கும் ஜாதி. அறுபத்திரண்டு. கூட்டின் ஓடு வழியாகச் சிறகின் கருமை தெரிய ஆரம்பித்ததும் நாளைக்குக் காலையில் இவை வந்துவிடும் என்று அவள் சொல்லிவிட்டாள். மேலாளர் வாசலில் பலகை வைத்தார். பத்து மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேருந்துகளில் வருவதாக ஏற்பாடு.

மறுநாள் ஏழரை மணிக்கு வந்தாள். வால்வை மூடினாள். தொட்டியை நிரப்பினாள். தூசு அடங்கட்டும் என்று குச்சிகளை ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

“இந்தா… கொஞ்சம்… வர்றியா?” என்றார் கணவர். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே அவர் மூச்சை இழுக்கும் ஓசை கேட்டது.

அவள் பையைக்கூட எடுக்கவில்லை. வாசலில் தோட்டக்காரரிடம், “கொஞ்சம் என் அறையைப் பாத்துக்கங்கண்ணே. ஈரம் குறையாம இருக்கான்னு மட்டும்” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

வீட்டில் அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் மாடித் தையல்காரி ஏற்கெனவே வந்து விசிறிக்கொண்டிருந்தாள். மருத்துவரை அழைத்தார்கள். நீர் பிரியும் மாத்திரையை இரண்டாகக் கொடுக்கச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் மூச்சு தணிந்தது. “போ, போ, உன் நீலமெல்லாம் காத்துக்கிட்டிருக்கும்” என்று அவரே விரட்டினார். தையல்காரி, “நான் இருக்கேன்க்கா, தையல் மிஷினை இங்கேயே தூக்கிட்டு வந்துடறேன், போங்க” என்றாள்.

அவள் திரும்பி வந்தபோது பத்து மணி ஆக ஐந்து நிமிடம். அறைக்கதவைத் திறந்ததும் முகத்தில் மோதியது காய்ந்த சூடு. ஹீட்டர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பரண்மேல் தொட்டி விளிம்பு வரை தளும்பியது. தோட்டக்காரர் பாவம், தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் நிறைய இருக்கிறது என்று போய்விட்டார்.

குச்சிகளில் நாற்பதுக்கு மேல் வெளிவந்திருந்தன. சில பாதிக் கூட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன. சில தரையில் விழுந்து, பற்ற ஏதுமில்லாமல் காலை உதைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தன. வயிறுகள் எல்லாம் சுருங்கி விரிந்துகொண்டே இருந்தன. தள்ளிக்கொண்டே இருந்தன. தள்ளிய நீர் பாதிவரை போய் நின்றுவிட்டது. உலர்ந்து ஒட்டிக்கொண்ட நரம்புகளுக்குள் அதற்குமேல் போக வழியில்லை.

அவள் வால்வைத் திறந்தாள். அது மூடியிருந்ததைக் கண் பார்த்தது. கை திறந்தது. மனது அதை அப்போது எடுத்துக்கொள்ளவில்லை. வெந்நீரில் துணிகளை நனைத்துச் சுற்றிலும் தொங்கவிட்டாள். விழுந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சட்டைக் கையிலேயே ஏற்றிக்கொண்டாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை பூச்சிகள் தொங்கின. கைத் தெளிப்பானால் பனி போல நீர் அடித்தாள். “தள்ளு, தள்ளு” என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அதற்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் நிரம்பிவிட்டார்கள். கூட வந்த ஆசிரியை கண்ணாடியை லேசாகத் தட்டினார்.

“ஏங்க, இதெல்லாம் எப்ப விரியும்? பிள்ளைங்க கேக்கறாங்க.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது முகங்கள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றன. “இதுங்க விரியாதும்மா” என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். “கொஞ்ச நேரம் ஆகும்” என்று வந்தது.

கொஞ்ச நேரம் ஆயிற்று. கடைசியாகக் கூட்டைவிட்டு வந்த ஒன்பது மட்டும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு முழுதாக விரிந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். மற்ற ஐம்பத்துமூன்றும் அப்படியே உலர்ந்தன. எந்தப் பூச்சியும் தள்ளுவதை மட்டும் நிறுத்தவில்லை. அதுதான் அவளுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஊனமானவற்றைக் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும் என்பது கூடத்தின் விதி. குளிரில் தூங்குவது போலப் போய்விடும், வேதனை இருக்காது என்பார்கள். மேலாளர் வந்து பார்த்தார். திட்டவில்லை. “கூட்டம் போனப்புறம் எடுத்து வெச்சிடுங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் ஒரு அட்டைப் பெட்டியில் ஐம்பத்துமூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்கினாள். மூடியை வைத்த பிறகும் உள்ளே கால்கள் அட்டையைப் பிராண்டும் சத்தம் கேட்டது. குளிர்பெட்டிக் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் மேலாளரிடம் போய், “வால்வைத் திறக்க மறந்துட்டேன். என் தப்புதான்” என்று சொன்னாள். அவர் அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதோடு அங்கே அந்த விஷயம் முடிந்தது.

வீட்டில் முடியவில்லை. தெளிக்கும் இயந்திரம் வேலை செய்யவில்லை என்று மட்டும்தான் கணவரிடம் சொல்லியிருந்தாள். பம்பு ஆபரேட்டரிடம் போய் அப்படிச் சொல்லலாமா? விடாப்பிடியாகக் கேட்டார்.

“மோட்டார் ஓடிச்சா?”

“ஓடிச்சு.”

“தொட்டியில தண்ணி?”

“நிறைய இருந்துச்சு.”

“அப்புறம் என்ன, காத்து அடைச்சிருக்கும். வால்வைத் திறந்தியா?”

“திறந்தேன்.”

இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் தொட்டியையும் குழாயையும் வரைந்தார். எங்கெங்கே காற்று அடைக்கலாம் என்று புள்ளி வைத்தார். நேரில் வந்து பார்த்துத் தருகிறேன், ஒரு டாக்ஸி வைத்துக் கூட்டிப்போ என்றார். அவள் ஏதேதோ சொல்லித் தட்டிக் கழித்தாள். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தத் தாளைப் பார்த்தபடியே கேட்டார்:

“தொட்டிய எத்தனை மணிக்கு நிரப்புவ?”

“ஏழரை, ஏழே முக்கால்.”

“தூசு அடங்கக் கால் மணி நேரம்.”

“ஆமா.”

அவர் எண்ணிப் பார்ப்பது தெரிந்தது. அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“நான் போன் பண்ணினது ஏழே முக்காலுக்கு” என்றார்.

“அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?”

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அந்த இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சு நின்றதில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பின்னாளில் தன்னைத் தானே அடித்துக்கொண்டாள்.

இரண்டரை மாதம் கழித்து ஒரு புதன்கிழமை. காலை ஒன்பதரைக்குத் தையல்காரியிடமிருந்து போன் வந்தது. “அக்கா, பதறாம வாங்க. ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டிருக்கு.”

தைத்த சட்டையைக் கொடுக்க மாடிக்கு வந்தவள், கதவு திறந்திருக்க அவர் நடுக்கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தொலைபேசி அவர் மடியிலேயே இருந்தது. எட்டு மணியிலிருந்து அப்படியே இருந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

மருத்துவமனையில் நான்கு நாள் மூக்கில் குழாயோடு கிடந்தார். நுரையீரல் வரை நீர் ஏறியிருந்தது. கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் இதயம் இவ்வளவு அடி வாங்கியிருக்காது என்று மருத்துவர் சொன்னார். இனி மாடிப்படி என்ற பேச்சே கூடாது என்றும் சொன்னார். ஐந்தாம் நாள் குழாயை எடுத்ததும், அவள் அழாமல் கேட்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டுதான் கேட்டாள்.

“போன் கையிலதானே இருந்துச்சு? ஏங்க எனக்குப் பண்ணல?”

அவர் கூரையைப் பார்த்தார். “எட்டு மணி. அதுங்க வெளிய வர்ற நேரம்.”

“அதுங்க பூச்சிங்க!”

“அது எனக்குத் தெரியாதா? தானா அடங்கிடும்னு பாத்தேன். ஒம்பது வரைக்கும் பொறுத்துப் பாத்துட்டுப் பண்ணலாம்னு இருந்தேன். ஒம்பதுக்கு விரலைத் தூக்க முடியல.”

அவர் விழுந்த அந்தப் புதன்கிழமை கூடத்தில் ஒரு பூச்சிகூட வெளிவர இருக்கவில்லை. முதல் நாள் வந்த பார்சலைத்தான் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தாள். அதை அவரிடம் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். சொல்லி என்ன ஆகப்போகிறது? கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த செவிலி, “அம்மா, அவரைப் பேச விடாதீங்க” என்றாள்.

மருத்துவமனையிலிருந்து அவரை மூன்றாம் மாடிக்கு ஏற்றியது தண்ணீர் வாரியத்து ஆட்கள்தான். நாற்காலியில் உட்கார வைத்து நால்வராகத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு வாரத்தில் தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்தது. ஒற்றை அறை, ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் நிறுத்துமிடம். அவர்களே மறுபடி வந்து சாமான்களை இறக்கினார்கள். கடைசியாக அதே நாற்காலியில் அவரையும் இறக்கினார்கள்.

மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடி வரை ஒரே கேலியாகத்தான் இருந்தது. “மெதுவாடா, ஐம்பது குதிரைச் சக்தி மோட்டாரைக்கூட இவ்வளவு ஆட்ட மாட்டீங்களே” என்றார். “மோட்டார் வாய் பேசாதுண்ணே” என்றான் முன்னால் பிடித்திருந்தவன். தையல்காரி வாசலில் நின்று, “அண்ணே, சட்டை ஒட்டுப் போடணும்னா சொல்லியனுப்புங்க, நானே கீழ வர்றேன்” என்றாள். அவர் கையைத் தூக்கினார்.

முதல் மாடித் திருப்பத்தில், “கொஞ்சம் நில்லுங்கடா” என்றார்.

இறக்கி வைத்தார்கள். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தான் ஏறி இறங்கிய படிகளை மேலே அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. நால்வரும் என்ன செய்வதென்று தெரியாமல் வேறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருவன் நாற்காலிக் கால் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது போலப் பார்த்தான். அவள் இரண்டு படி மேலே, இரு கையிலும் தலையணைகளோடு நின்றாள். கீழே வைக்கவும் இடமில்லை, அவரைத் தாண்டி முன்னால் போகவும் வழியில்லை. கூப்பிடலாம் என்றால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

அவரே முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரி, தூக்குங்க” என்றார்.

அந்தத் தரைத்தள வீட்டில் அவர்கள் இருவருமாகப் பதினான்கு மாதம் இருந்தார்கள்.